மூன்றாவது குழை

வீரையடிக்குளத்துக் காட்டு வாயில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதனடியில் ஒரு கல். அதுதான் ஐயனார். கோயில் இல்லை, கூரை இல்லை, ஐயனாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. பாலைக்கும் பக்கத்து வீரை மரத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கும். காட்டுக்குள் போகிறவர்கள் இலையோடு ஆளுக்கொரு சின்னக் கிளை, ஒரு குழை, முறித்து அந்தக் கயிற்றில் கொழுவிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அவரவர் குழையை அவரவர் கையாலேயே எடுத்துக் கல்லடியில் போட வேண்டும். பொழுதுபடுகிற நேரம் கயிற்றில் ஒரு குழை மிஞ்சி நின்றால் உள்ளே ஓர் ஆள் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம். பிறகென்ன, யானை வெடியும் ரோச் லைற்றுமாக ஊரே திரண்டுவிடும்.

சிவனேஸ்வரி தன் குழையைக் கொழுவிவிட்டு, கழன்ற செருப்பு வாரைக் குனிந்து மாட்டினாள். நிமிர்ந்தபோது கயிற்றில் மூன்று குழைகள் ஆடிக்கொண்டிருந்தன.

மகள் பிரியந்தினி ஒன்றும் நடவாதவள் போலக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். பதினாலு வயது. தாயைவிட அரைச் சாண் உயரம்.

ஒன்று தன்னுடையது. ஒன்று பிள்ளையுடையது. மற்றது?

பின்னால் வருகிற ஆளுக்காக முன்னால் போகிறவர் கொழுவி வைப்பது உண்டுதான். ஆனால் இவர்களுக்குப் பின்னால் வர யார் இருக்கிறார்கள்? இன்னொரு வழக்கமும் உண்டு. தேனெடுக்கப் போய் மரத்தால் விழுந்து செத்த தன் மனுசனுக்காக விமலேஸ்வரி ஆண்டுக்கு ஒரு தடவை வந்து ஒரு குழை கொழுவிவிட்டுப் போவாள். அதை ஒருவரும் தொடமாட்டார்கள். இலை காய்ந்து, உதிர்ந்து, தடி தானாக விழும்மட்டும் அது தொங்கும்.

சிவனேஸ்வரி மூன்றாவது குழையைத் திரும்பவும் பார்த்தாள். பிள்ளையின் தகப்பன் ஜெயந்தன் எலிக்காய்ச்சலில் போய் ஆறு வருசம். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், மூண்டு பேருமாப் போய் ரெண்டு மலையும் ஏறுவம்" என்று அவன் சொல்லாத மாதம் இல்லை. இப்போது பிள்ளை வளர்ந்துவிட்டாள். மூன்று குழை கொழுவியிருக்கிறாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் பிள்ளை மரத்தைத் தாண்டிவிட்டாள். மரத்தைத் தாண்டினால் ஆள் எண்ணக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, குழைக் கதை எடுக்கவே கூடாது. காடு காது கொடுத்துக்கொண்டிருக்கும் என்பார்கள்.

"என்னம்மா நிக்கிறியள்? செருப்பு இப்பவே அறுந்திட்டுதோ?"

"அறுந்துபோகேல்லை. நீ நட. வாயைச் சாத்திப்போட்டுக் கண்ணைத் திறந்து நட."

வன்னியில் மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வயலும் குளமுமாகத் தட்டையாகக் கிடக்கிற நிலத்தில், காட்டின் நடுவே திடீரென்று இரண்டு கற்பாறைகள் எழும்பி நின்றால் அதை வேறென்னவென்று சொல்வது? உச்சிமட்டும் மரம் மூடியிருக்கும். பெரியதை மூத்தவன் என்பார்கள், சின்னதை இளையவன். மூத்தவன் சாய்ந்து படுத்து ஏற விடுவான். இளையவன்தான் செங்குத்து. இளையவர்களின் குணம் அது.

இன்று பௌர்ணமி, போயா நாள். சிவனேஸ்வரி வேலை செய்கிற இடத்துக்கு லீவு. மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று பிள்ளை இரண்டு மாதமாக அரித்தது ஒரு பக்கம். சிவனேஸ்வரி ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. பிள்ளையிடம் ஒரு விசயம் கேட்க வேண்டும். வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. தகரச் சுவருக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரி இருமினால் இங்கால் இவர்களுக்குத் தடிமன் வரும். அப்படி வீடு.

கதை இதுதான். சிவனேஸ்வரி சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் வேலை செய்கிறாள். மணலையும் சீமெந்தையும் குழைத்து, அச்சில் அடித்து, வரிசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அங்கே லான்ட்மாஸ்டரில், அந்தக் கை உழவு மெசினின் பெட்டியில், மணல் ஏற்றி வருகிறவன் கிருபன். தங்கச்சிமார் எல்லாரையும் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்க நாற்பது தாண்டிவிட்டது, தான் கட்டவில்லை. அதிகம் கதைக்கமாட்டான். வயிற்றில் புண் இருக்கிறபடியால் உறைப்பு ஆகாது. முதலாளி தேத்தண்ணியோடு மீன் றோல்ஸ் வாங்கித் தந்தால், கடதாசியில் சுற்றி, "இதைப் பிள்ளைக்குக் குடுங்கோ" என்று சிவனேஸ்வரியிடம் நீட்டுவான்.

மூன்று கிழமைக்கு முன்னம் ஒரு நாள் மணலைச் சவளால் அள்ளிக் கீழே பறித்துக்கொண்டு, அந்தச் சவளைப் பார்த்தபடி சொன்னான்:

"நாங்கள் ஒரு வீட்டிலை இருந்தா என்ன?"

கேட்டது சவளைத்தானோ என்று சிவனேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், "பிள்ளையைக் கேக்கோணும்" என்றாள்.

"கேளுங்கோ. அவ வேண்டாமெண்டா நான் இந்தக் கதையைப் பேந்து எடுக்கமாட்டன்."

அன்றிலிருந்து மணல் வருகிற நாளெல்லாம் அவன் இவள் முகத்தைப் பார்ப்பான், இவள் மணலைப் பார்ப்பாள். நாளைக்கும் மணல் வரும். இனியும் ஒருவரைக் காக்க வைப்பது பாவம். பிள்ளையின் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் கதையை அந்த இடத்திலேயே புதைத்துவிடுவது என்று சிவனேஸ்வரி முடிவு கட்டியிருந்தாள். அதற்காக அவளுக்கு ஆசை இல்லையென்று இல்லை. வேலையால் வந்து தேத்தண்ணி ஊற்றும்போது எதிரே ஒருவர் குந்தியிருந்து குடித்தால் நன்றாக இருக்கும். இரவில் முற்றத்தில் நாய் குரைத்தால், "ஆரது?" என்று ஓர் ஆண்குரல் கேட்டால் நன்றாக இருக்கும். இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

வழி முழுக்கப் பாலைப்பழம் உதிர்ந்து கிடந்தது. பிள்ளை பொறுக்கிப் பொறுக்கித் தின்று, உதடு ஒட்டி, கதைக்க முடியாமல் சிரித்தாள். ஓரிடத்தில் பாலைக் கொட்டைகள் நிறைந்த எச்சம் கும்பலாகக் கிடந்தது.

"உவர் ராத்திரி வந்து நல்லாச் சாப்பிட்டிட்டுப் போயிருக்கிறார்" என்றாள் சிவனேஸ்வரி. கரடியைக் காட்டுக்குள் பேர் சொல்வதில்லை. யானையையும்தான். அது பெரியவர்.

"மிச்சம் வைச்சிட்டுப் போனவரே, நல்ல மனுசன்" என்றாள் பிள்ளை.

ஆனால் நடக்கும்போது அவள் அடிக்கடி நின்றாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

"ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கிறாய்? பெரியவற்றை சத்தம் ஏதும் கேக்குதோ?"

"ஒருத்தற்றை சத்தமும் கேக்கேல்லை" என்றாள் பிள்ளை. குரலில் ஒரு சலிப்பு இருந்தது.

மூத்தவனில் ஏறுவது கடினமில்லை. பாறையில் மழைத் தண்ணீர் ஓடி ஓடித் தானே ஒரு பாதை போட்டிருந்தது. சிவனேஸ்வரிக்குத்தான் முழங்கால். பத்து வருசம் குந்தியிருந்து கல்லரிந்த முழங்கால், குந்தச் சொன்னால் குந்தும், ஏறச் சொன்னால் முறைக்கும். பிள்ளை முன்னால் போய்க் கை நீட்டினாள்.

"பிடியுங்கோ. சீமெந்துப் பை தூக்கிறனீங்கள், உங்களை நீங்களே தூக்கேலாதோ?"

"பைக்கு வாய் இல்லை, அதாலை தூக்கலாம்."

உச்சியில் ஒரு மொட்டைப் பாறை, ஓரத்தில் ஒரு குருந்த மரம். நிழலில் இருந்தார்கள். காற்று வந்து வேர்வையைத் தொட்டது. கீழே காடு பச்சைப் பாய் விரித்தது போல. அதற்கு அங்கால் குளம் ஒரு தகடு போல மினுங்கியது, வெட்டு முடிந்த வயல் மஞ்சளாகக் கிடந்தது. ஒட்டுசுட்டான் றோட்டால் போகிற பஸ் நுளம்பளவு தெரிந்தது.

"அந்தா, எங்கட வீட்டுத் தகரம்! அங்காலை வெள்ளையாத் தெரியிறது நீங்கள் அரிஞ்ச கல்லு."

சிவனேஸ்வரி பார்த்தாள். ஒரு நாள் முழுக்க முதுகு முறிய அரிந்தது, இங்கிருந்து பார்க்கச் சிந்திய அரிசி போலக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளை பையைத் திறந்து சாப்பாட்டை எடுத்தாள். விடிய எழும்பிப் புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்து, வாழையிலையில் கட்டியது அவள்தான். பொதியை வெளியே வைக்க வைக்க சிவனேஸ்வரி எண்ணினாள். மூன்று பொதி.

ஒன்றைத் தாய்க்குக் கொடுத்தாள். ஒன்றைத் தான் பிரித்தாள். மூன்றாவதை எறும்பு ஏறாமல் ஒரு கல்லின்மேல் நிழல் பார்த்து வைத்தாள். வைத்துவிட்டு, மறுபடியும் ஏறி வந்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

படைக்கிறாள், என்று நினைத்துக்கொண்டாள் சிவனேஸ்வரி. தகப்பனுக்குப் படைக்கிறாள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தாள்.

இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பிள்ளை, உன்னட்டை ஒரு கதை..."

"என்ன?"

பிள்ளையின் கண் நேராகத் தாயின் முகத்துக்கு வந்தது. காத்திருக்கிற கண். சிவனேஸ்வரி கல்லின்மேல் இருந்த பொதியைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை. கத்தரிக்காய்க்கு உப்புக் கொஞ்சம் காணாது."

"உப்போ?" என்றாள் பிள்ளை. பிறகு மூன்றாவது பொதியை எடுத்துப் பையில் வைத்தாள். "சரி, இளையவனிலை ஏறுவம்."

இரண்டு மலைக்கும் நடுவே ஒரு பள்ளம். மாரியில் அதில் ஆறு ஓடும், இப்போது வெறும் மணல். பிள்ளை மணலைக் காலால் கிளறிக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்கு உங்களுக்கு மணல் வருமோ?"

"வரும்."

"ஆர் கொண்டு வருவினம்?"

"வழமையாக் கொண்டு வாறவர்தான். ஏன்?"

"சும்மா."

சும்மா என்பது சும்மா இல்லை. ஊர்க்கதை பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது என்று சிவனேஸ்வரிக்குப் பட்டது. கல்லரிகிற இடத்தில் நாலு பெண்கள் இருக்கிறார்கள், எட்டுக் கண்கள் இருக்கின்றன. அதுதான் குழை. அதுதான் படையல். வாயால் சொல்லாமல் சொல்லிவிட்டாள்: எனக்கு அப்பா இருக்கிறார், இன்னொருவர் வேண்டாம்.

இளையவனில் ஏறுவதற்கு வேரைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் சிவனேஸ்வரி சறுக்கி, பாறையில் ஒரு முழம் இறங்கி, ஒரு பற்றையில் போய் நின்றாள். மேலே நின்ற பிள்ளை பயந்து பதறிப் பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

"சிரிக்கிறியோ? என்ரை உடுப்பு கிழிஞ்சுபோச்சு."

"கிழியட்டும். பின்பக்கம்தானே. ஊருக்கை போகேக்கை நான் பின்னாலை வாறன்."

உச்சியில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பெரிய கல், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆல். ஆலின் கீழே குளிர்ந்து கிடந்தது. பிள்ளை பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். தூரத்தில் மூத்தவன் தெரிந்தான். காலையில் தாங்கள் இருந்த குருந்த மரம் ஒரு புள்ளி போலத் தெரிந்தது.

அந்த இடத்தில் வைத்து சிவனேஸ்வரி முடித்துக்கொண்டாள். நாளைக்கு மணல் வரும்போது சொல்லிவிடுவது. "பிள்ளைக்கு விருப்பமில்லை" என்று சொல்லக்கூடாது, பிள்ளையில் பழி போடக்கூடாது. "எனக்குச் சரிவராது" என்று சொல்லிவிடுவது. முடிவு எடுத்தபின் அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பாரம் ஏற்றின லொறி போன பிறகு றோட்டு கிடக்கிற மாதிரி ஓர் அமைதிதான் வந்தது. கையை நீட்டிப் பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்தாள். ஆறு வருசம் ஓடிவிட்டது, இன்னும் ஓடும். பிள்ளை இருக்கிறாள்.

"அம்மா, அப்பா இதிலை ஏறினவரோ?"

"ஏறினவர். மாடு துலைச்சுத் தேடி வந்து ஏறினவர். மாடு கீழை நிண்டது, இவர் மேலை நிண்டவர்."

பிள்ளை சிரித்தாள். சிவனேஸ்வரியும் சிரித்தாள். ஜெயந்தனை நினைத்து இருவரும் சேர்ந்து சிரித்துக் கனநாள்.

பொழுது சாய முதல் இறங்க வேண்டும். பெரியவர் தண்ணீர் தேடி வருகிற நேரம் அது. இறங்கும்போது பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. எதிலோ கோபம் போல விறுவிறென்று முன்னால் நடந்தாள். சிவனேஸ்வரி கேட்கவில்லை.

காட்டு வாயில் மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஐயனார் கல்லிலிருந்து மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி ஜவ்பர் நானா குந்தியிருந்தார். மாடு வாங்கி விற்கிறவர். புத்தளத்தில் இருபது வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த மனுசன். இவர்களைக் கண்டதும் எழும்பினார்.

"அல்லாஹ் காவல். வந்திட்டீங்களா? மத்த ஆள் எங்க தங்கச்சி?"

"எந்த மற்ற ஆள் நானா?"

"மூணு குழை தொங்குது. ரெண்டு ஆள் வாறீங்க. எங்கட ஆக்கள் குழை கொழுவுறதில்ல, ஆனா எண்ணத் தெரியும். அதான் மாட்டையும் படுக்க வெச்சிட்டு நிக்கிறன். பின்னால வாறாரா?"

சிவனேஸ்வரி தலையைக் குனிந்தாள். "அது வாற ஆளில்லை நானா. அது பிள்ளையின்ர அப்பாவுக்கு."

"ஓ" என்றார் ஜவ்பர். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "அப்ப அந்தத் தம்பி சொன்னது சரிதான். எனக்குத்தான் சந்தேகம்."

"எந்தத் தம்பி?"

"கிருபன். நீங்க உள்ள போய்க் கொஞ்ச நேரத்தால வந்தவர், சைக்கிள்ள. நான் அப்ப இதால மாட்டோட போய்க்கொண்டிருந்தன். விடிய ஒரு ஏத்து இறக்கப் போன இடத்தில லான்ட்மாஸ்டர் பெல்ட் அறுந்து சுணங்கிட்டாராம். ஒரு குழைய முறிச்சுக் கையில வெச்சுக்கொண்டு கயித்தப் பாத்தார். பாத்துக்கொண்டே நிண்டார். 'இது அவவின்ர மனுசனுக்கு நானா, இண்டைக்கு நான் உள்ள போறது சரியில்ல' எண்டார். குழைய அந்தா அதில போட்டுட்டுத் திரும்பிட்டார்."

கல்லுக்குப் பக்கத்தில் வாடிப்போன ஒரு குழை கிடந்தது.

"ஐயோ!" என்று பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். "அது அவற்றை குழை! அவருக்குத்தான் நான் கொழுவினது!"

ஒரு மாடு எழும்பி நின்று இவர்களைப் பார்த்தது.

"என்னடி சொல்லுறாய்?"

"நான்தான் வரச் சொன்னனான். முந்தநாள் கடைக்குப் போகேக்கை கண்டு, மலைக்குப் போறம், நீங்களும் வாங்கோ எண்டு சொன்னனான். 'அம்மா கேக்கச் சொன்னவவோ' எண்டு கேட்டார். ஓமெண்டு பொய் சொல்லிப்போட்டன். பின்னாலை வருவார் எண்டு குழையும் கொழுவி, சாப்பாடும் கட்டி, நாள் முழுக்கக் கழுத்துச் சுளுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்தனான். வரேல்லை எண்டு எனக்குச் சரியான கோவம்."

"உனக்கு... உனக்கு ஆர் இந்தக் கதை சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? மணல் வாற நாளிலை மட்டும் தலை இழுத்துப் பொட்டு வைச்சுக்கொண்டு போறியள். சீமெந்துக்கு ஏன் பொட்டு?"

ஜவ்பர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"நீங்கள் கேப்பியள் கேப்பியள் எண்டு பாத்தன். மலையிலையும் உப்புக் காணாது எண்டுறியள். உங்களை விட்டா அடுத்த போயாவுக்கும் மணலைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியள்."

சிவனேஸ்வரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. கயிற்றில் ஆடுகிற குழையைக் கை காட்டினாள். "நான் அப்பாவுக்கெண்டெல்லோ..."

"அப்பாவுக்கு ஏன் அம்மா குழை?" என்றாள் பிள்ளை. கோபம் போய்க் குரல் தணிந்திருந்தது. "அப்பா எங்களோடை வீட்டிலை எல்லோ இருக்கிறார். இது வாற ஆளுக்குத்தானே."

சொல்லிக்கொண்டே மூன்றாவது குழையை எடுக்கக் கை நீட்டினாள்.

"மகள், அதத் தொடாத!" ஜவ்பர் கத்தினார். "அது ஆளே வந்து எடுக்க வேண்டிய சாமான்."

"அவர் உள்ளுக்குப் போகவேயில்லையே மாமா?"

"போனாரோ இல்லையோ, அவர்ட குழை தொங்குது. பொழுதுபட்டா ஊர் வெடிய எடுத்துக்கொண்டு ஓடி வரும். நான் என்னத்தச் சொல்ல?" சிவனேஸ்வரியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது. "ஆளக் கூப்பிடுங்க தங்கச்சி. வேற வழியில்ல."

சிவனேஸ்வரி பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தாள். காட்டு வாயில் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஐயனார் செய்கிற ஓர் உதவி அது. விரலில் பாலைப்பழப் பால் ஒட்டியிருந்தது, இலக்கம் இரண்டு தரம் பிழைத்தது.

"நான்தான்" என்றாள்.

பிள்ளை கிட்ட வந்து காது கொடுத்தாள்.

"உங்கட குழை இஞ்சை தொங்குது. வந்து எடுங்கோ."

"என்ரை குழையோ?"

"ஓம். பிள்ளை கொழுவினது."

ஏதோ இரும்புச் சாமான் நிலத்தில் வைபடுகிற சத்தம் கேட்டது. பெல்ட் பூட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"பிள்ளையோ?" என்றான் கிருபன் கடைசியில்.

"ஓமெண்டுறன். பொழுதுபட முந்தி வாங்கோ. சாப்பாடும் கட்டிக் கொண்டுவந்து கிடக்கு."

"உறைப்புப் போடேல்லை எண்டு சொல்லுங்கோ!" என்று பக்கத்தில் நின்று பிள்ளை கத்தினாள். "அவற்றை பொதிக்குப் புறம்பாத்தான் பொரிச்சனான்!"

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. வாறன் என்று சொன்னானோ இல்லையோ, போன் கட்டாகிவிட்டது.

தாயும் மகளும் தங்கள் குழைகளை எடுத்துக் கல்லடியில் போட்டார்கள். கயிற்றில் ஒன்று மட்டும் நின்று காற்றுக்கு ஆடியது. ஜவ்பர் மாடுகளை எழுப்பவில்லை. ஏன் நானா போகேல்லையோ என்று சிவனேஸ்வரி கேட்டதற்கு, ஒரு ஆள் காட்டுக்குள்ள நிக்கிற கணக்கு, எப்பிடிப் போறது என்றார்.

குளக்கட்டுப் பக்கமிருந்து சைக்கிள் ஒன்று வருகிறது தெரிந்தது. செம்புழுதி பின்னால் எழும்பியது. நல்ல வேகம்.

சிவனேஸ்வரி மரத்தின் மறைவுக்குப் போய், கிழிந்த உடுப்பை ஊசி குத்திச் சரிப்படுத்தி, விரலால் தலையைக் கோதி, பிடரியில் இறுக்கி முடிந்தாள். பிரியந்தினி அதைக் கண்டாள். காணாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி, மாட்டின் கொம்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினாள்.